பேரிங் மாற்றியும் போகாத ரீங்காரம்: ஓடும் காரில் ஒலி கேட்டுப் பழுதைக் கண்டுபிடித்த ஒரு நிகழ்வு

பின்னணி

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் ஒருவரின் வண்டி. கோவைக்கும் திருப்பூருக்கும் தினமும் ஓடுவது. முன்சக்கர இழுவை, மேனுவல் கியர், டீசல் செடான். ஓடோமீட்டர் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். வேகம் 50-ஐத் தொட்டதும் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். 70, 80-ல் உச்சத்துக்குப் போகும். பாட்டு போட்டாலும் அதை மீறிக் கேட்கும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் முன்பே இதற்காக நிறையச் செலவு செய்திருந்தார். முதலில் முன் டயர்கள் இரண்டையும் மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு இடத்தில் வலது முன் வீல் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். “ஏனுங்க, டயரும் மாத்தியாச்சு, பேரிங்கும் மாத்தியாச்சு, கொஞ்சங்கூடக் குறையலீங்க. இந்தத் தடவை என்னன்னு தெரிஞ்ச பிறகு கை வையுங்க, போதும்” என்றார். ஜாப் கார்டில் அதையே நிபந்தனையாக எழுதிக்கொண்டோம்: காரணம் உறுதியாகும் வரை எதையும் கழற்றக் கூடாது.

கழற்றிய பேரிங்கைப் புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்திருந்தார். எங்கள் பையன் ஒருவன் அதைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே ஓடுது” என்றான். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எடை இல்லாமல் கையில் நைசாகச் சுற்றும் பேரிங், வண்டியின் பாரம் ஏறியதும் முனகலாம். மறுபக்கம், பிரஸ்ஸில் தள்ளி வெளியே எடுக்கும்போது குண்டுகள் பள்ளத்தில் பதிந்துவிட்டால் நல்ல பேரிங்கும் கரகரக்கும். முன்பு வேலை பார்த்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் அது வலது முன் சக்கரம் என்றுதான் தோன்றும்.

கருவி இல்லாமல் முதல் ட்ரையல்

நீலாம்பூர் தாண்டி செங்கப்பள்ளி நோக்கிப் போகும் ஆறுவழிச் சாலையில், காலை நெரிசல் தொடங்கும் முன் வண்டியை எடுத்தோம். க்ளிப் மைக்குகள் கொண்ட ஒலி கேட்கும் கருவியை மாட்டும் முன் வெறும் காதால் கேட்டே பாதிக் கேள்விகளுக்கு விடை கண்டுவிடலாம். அந்த வேலையை ஒழுங்காக முடிக்காமல் க்ளிப் மாட்டினால் எங்கே மாட்டுவது என்றே தெரியாது.

முதலில் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே மூன்றாம், நான்காம், ஐந்தாம் கியர்களில் ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் சுழற்சி மாறியது. ரீங்காரத்தின் சுருதி மாறவில்லை. அப்புறம் நேரான, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் நியூட்ரலில் விட்டோம். சத்தம் போகவில்லை, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கியது. ஆக எஞ்சின், ஆல்டர்னேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் எல்லாம் விலகிவிட்டன. எஞ்சினையே அணைத்துவிட்டு உருளவிட்டால் இன்னும் தெளிவாகக் கேட்குமே என்று சிலர் செய்வதுண்டு. ஸ்டியரிங் இறுகும், பிரேக்கின் வேக்கம் உதவி போய்விடும், சாவியை ஒரு படி கூடத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நாங்கள் அதைச் செய்வதில்லை.

அடுத்தது வளைத்து ஓட்டும் சோதனை. அகலமான சாலையில் இடமும் வலமும் மெதுவாக வளைத்தால் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். இடப்பக்கம் திருப்பும்போது வலது சக்கரத்தில் சுமை ஏறும். பேரிங் போயிருந்தால் பெரும்பாலும் அப்போது சத்தம் கூடும், எதிர்ப்பக்கம் திருப்பும்போது குறையும். இந்த வண்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சத்தம். இதுதான் முதல் நெருடல்.

கடைசியாகச் சர்வீஸ் ரோட்டில் இறக்கினோம். தார் கரடுமுரடாக இருந்த இடத்தில் டயர் இரைச்சல் கூடியது. ஆனால் ரீங்காரம் அதற்குள் தனியாக, அதே சுருதியில் இருந்தது. சத்தம் டயரிலிருந்து என்றால் சாலை மாறும்போது அதன் குணமும் மாறியிருக்க வேண்டும்.

மிச்சமிருப்பவை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுபவை மட்டும்: நான்கு வீல் பேரிங்குகள், டிரைவ் ஷாஃப்ட்டுகள் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள்), டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பேரிங்குகள், கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட். இந்த வண்டியில் இன்னொன்றும் உண்டு. எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் கியர்பாக்ஸ் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அங்கிருந்து வலது சக்கரம் வரை தூரம் அதிகம். அந்த நீளத்தை ஒரே டிரைவ் ஷாஃப்டால் எட்டாமல், நடுவில் ஓர் இன்டர்மீடியட் ஷாஃப்ட் வைத்து, அதன் வலது முனையை எஞ்சின் பிளாக்கில் திருகிய பிராக்கெட்டுக்குள் ஒரு பேரிங் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். அந்த சென்டர் பேரிங் சக்கரத்தின் பாரத்தைச் சுமப்பதில்லை. வளைத்து ஓட்டினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

லிஃப்ட்டில் பார்த்தது

சக்கரங்களை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினோம், ஆட்டம் இல்லை. ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கில் வைத்து மறுகையால் சக்கரத்தைச் சுற்றினால் மோசமான பேரிங்கின் அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். வரவில்லை.

லிஃப்ட்டில் வைத்தபடியே கியர் போட்டு ஓடவிட்டு, கம்பி ஸ்டெதஸ்கோப்பாலோ நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தோ கேட்கலாமே என்ற பேச்சு வந்தது. பழைய கைகள் அப்படித்தான் கேட்பார்கள், பலமுறை சரியாகவும் சொல்வார்கள். ஆனால் சஸ்பென்ஷன் தொங்கும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டுகளான சிவி ஜாயிண்டுகள் வழக்கத்துக்கு மீறிய கோணத்தில் மடங்கி, தாமே சத்தம் போடும். பாரம் கிடையாது. ஒரு சக்கரம் நின்றுவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டர் 40 காட்டும்போது அந்தச் சக்கரம் 80-ல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் கம்பியோடு தலையை நீட்ட யாரையும் அனுமதிப்பதாக இல்லை.

க்ளிப் மைக்குகளை மாட்டியது

எங்களிடம் இருப்பது சேஸிஸ் இயர் என்ற வகைக் கருவி. முதலைப்பல் க்ளிப் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மைக். அது கவ்வியிருக்கும் உலோகத்தின் அதிர்வை வாங்கும். நிறம் பிரித்த வயர்கள் கதவின் ரப்பர் ஓரமாக உள்ளே வந்து ஒரு பெட்டியில் சேரும். பெட்டியில் சேனல் குமிழ், ஒலியளவுக் குமிழ், ஹெட்போன் துளை. வயர் இல்லாத வகையும் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம், பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஹெட்போன் எப்போதும் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான். ஓட்டுபவருக்கு ஹாரன் கேட்க வேண்டும்.

மாட்டுவதில் மூன்று விஷயங்களைக் கவனித்தோம். கவ்வும் இடத்தில் மண்ணையும் துருவையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். அழுக்கின் மேல் கவ்விய மைக் மந்தமாகக் கேட்கும். நான்கு இடங்களிலும் கனமான உலோகத்தையே பிடித்தோம். தகட்டில் மாட்டினால் தகடு தானாக அதிர்ந்து ஊதிக் காட்டும். வயர்களைக் கேபிள் டையால் கட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, டிரைவ் ஷாஃப்ட்டும் சைலன்சர் குழாயும் எட்டாத வழியில் கொண்டுவந்தோம். இதற்குத்தான் நேரம் பிடிக்கும். கேட்பது பிறகு சில நிமிட வேலை.

முதல் அடுக்கு: இடது முன் நக்கிள் (வீல் பேரிங் உட்காரும் உலோகத் துண்டு), வலது முன் நக்கிள், பின் ஆக்ஸிலின் இரு முனைகள். பார்க்கிங்கில் நின்றபடி ஒலியளவை ஒரு நிலையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டோம். ஓடும்போது குமிழைத் திருப்பிவிட்டால் எந்தச் சேனல் உரக்கக் கேட்டது என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடும்.

முதல் சுற்றில் கேட்டது, எழுந்த வாதம்

பின்பக்கச் சேனல்கள் இரண்டிலும் டயரின் இரைச்சல் மட்டும். முன்பக்கம் இரண்டிலும் ரீங்காரம் இருந்தது. வலது நக்கிளில் தெளிவாகக் கூடுதல்.

இங்கேயே முடிவு கட்டிவிடலாம் போலிருந்தது. எங்கள் சீனியர் மெக்கானிக் அண்ணன் சொன்னார்: “புது பேரிங்கைத் தப்பா இறக்கியிருப்பாங்க. உள்வளையத்துல அழுத்தியிருந்தா அப்பவே போயிருக்கும்.” நடக்காத விஷயம் இல்லை. நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தில் தள்ளினால் புதியதே பழையதாகிவிடும். பேரிங் தரமில்லாததாகவும் இருக்கலாம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் ஒட்டவில்லை. பேரிங் மாற்றும் முன்பும் பின்பும் சத்தம் ஒரே மாதிரி இருந்தது என்று உரிமையாளர் உறுதியாகச் சொல்கிறார். பழைய பேரிங்கும் புதிய பேரிங்கும் ஒரே சுருதியில், ஒரே அளவில் கெட்டிருக்க வாய்ப்பு எவ்வளவு? இன்னொன்று, வலது நக்கிளில் கேட்டது உரக்க இருந்தாலும் மழுங்கலாக இருந்தது. மூலத்தின் மேலேயே மைக் இருந்தால் சத்தத்தில் ஒரு கூர்மை, சின்னச் சின்னச் சில்லுகள் தெரியும். உலோகத்தின் வழியாகத் தூரம் கடந்து வரும்போது உயர்ந்த அதிர்வெண்கள் தேய்ந்து அடித்தொனி மட்டும் மிஞ்சும். மாட்டிய நான்கு இடங்களில் எது உரக்க இருக்கிறது என்பதை மட்டும்தான் கருவி சொல்லும். மூலம் ஐந்தாவது இடத்தில் இருந்தால், அதற்கு அருகில் இருக்கும் க்ளிப்பைக் குற்றவாளியாகக் காட்டும்.

எதையும் கழற்றாமல் க்ளிப்புகளை இடம் மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது சுற்று

வலது நக்கிளில் இருந்ததை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டோம். மற்ற மூன்றையும் சென்டர் பேரிங் பிராக்கெட்டிலும், கியர்பாக்ஸில் டிஃபரன்ஷியல் இருக்கும் பக்கத்து உறையிலும், எஞ்சின் பிளாக்கில் பிராக்கெட்டிலிருந்து தள்ளி ஒரு மூலையிலும் மாட்டினோம். பிளாக்கில் ஒன்று ஏன் என்றால், பிராக்கெட் பிளாக்கில்தான் திருகப்பட்டிருக்கிறது. எஞ்சினின் சொந்தச் சத்தம் எவ்வளவு என்று தனியே தெரியாவிட்டால் பிராக்கெட்டில் கேட்பதை எடைபோட முடியாது.

அதே சாலை, அதே வேகம், டேப் ஒட்டிய அதே ஒலியளவு. குமிழைப் பிராக்கெட் சேனலுக்குத் திருப்பியதும் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஹெட்போனைக் காதிலிருந்து சற்று விலக்கிவிட்டார். தகரத்தில் ஈரமணலைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு. அதன்மேல் அந்த ரீங்காரம். கியர்பாக்ஸ் உறையில் அதில் ஒரு பகுதிதான். பிளாக் மூலையில் எஞ்சின் தடதடப்பு, அடியில் லேசான ரீங்காரம். வலது நக்கிளில் முன்பு கேட்ட அதே மழுங்கிய ஒலி. நியூட்ரலில் விட்டபோது பிளாக் சேனல் அடங்கியது. பிராக்கெட் சேனல் அடங்கவில்லை.

பிறகு ஒரு சரிபார்ப்பு. ஓரத்தில் பாதுகாப்பாக நிறுத்தி, பிராக்கெட்டில் இருந்த க்ளிப்பை நக்கிளிலும், நக்கிளில் இருந்ததைப் பிராக்கெட்டிலும் மாற்றிப் போட்டோம். ஒரு மைக் மற்றதைவிடக் கூர்மையாக இருந்துவிட்டால் கேட்டதெல்லாம் வீண். கரகரப்பு மைக்கோடு போகவில்லை, பிராக்கெட்டிலேயே நின்றது.

கைபேசியில் அதிர்வெண் காட்டும் ஆப் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அதற்கும் உபயோகம் உண்டு. இந்த வண்டியின் டயர் 185/65 ஆர்15. சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் எட்டரை முறை சுற்றும். கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட் அதைவிட மூன்றரை, நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். ஆகவே அந்த இரண்டையும் ஆப் பிரித்துக் காட்டலாம். ஆனால் இன்டர்மீடியட் ஷாஃப்ட் நேர்ச்சாலையில் சக்கரத்தின் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. வீல் பேரிங்கா, சென்டர் பேரிங்கா என்பதைச் சுழற்சி வேகம் பிரிக்காது. இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

முடிவும் வேலையும்

உரிமையாளரை வரவழைத்து, நின்ற வண்டியில் உட்காரவைத்து, இரண்டு சேனல்களின் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினோம். விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்த கேள்வி செலவு. ஷாஃப்ட்டை பேரிங்கோடு சேர்த்து முழுசாக வாங்குவது ஒரு வழி. விலை அதிகம், வரவும் நாளாகும். பேரிங் மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. ஷாஃப்டில் பேரிங் அமரும் இடமும் பிராக்கெட்டின் உட்புறமும் தேயாமல் இருந்தால் பேரிங் மட்டும், தேய்ந்திருந்தால் முழு ஷாஃப்ட் என்று பேசி, இரண்டு தொகைகளையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

கியர் ஆயிலை வடித்து, ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, லோயர் ஆர்மை விடுவித்து, வலது டிரைவ் ஷாஃப்ட்டை எடுத்த பிறகு பிராக்கெட்டோடு இன்டர்மீடியட் ஷாஃப்ட் வெளியே வந்தது. கையால் திருப்பியபோதே ஓரிடத்தில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது. ஒரு பக்க ரப்பர் சீலின் உதடு கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காப்பித்தூள் நிறத்தில் காய்ந்த பொடி. வெளிவளையத்தின் ஓடுதடத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பெயர்ந்த குழிகள். முந்தைய மழைக்காலத்தில் ரயில்வே பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டதாக உரிமையாளர் அப்போதுதான் சொன்னார். அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சீல் முன்பே கிழிந்திருந்தால் அன்று உள்ளே போன தண்ணீர் மிச்ச வேலையை முடித்திருக்கும்.

ஷாஃப்டும் பிராக்கெட்டும் நன்றாக இருந்தன. பேரிங்கின் முகத்தில் 6006 என்ற எண் தெரிந்தது. உள்விட்டம் 30, வெளிவிட்டம் 55, அகலம் 13 மில்லிமீட்டர். பம்ப்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இந்த அளவுக்குப் பஞ்சமே இல்லை. வாங்கும்போது பின்னொட்டையும் பார்க்க வேண்டும்: இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதா, பழையதில் சி3 (உள் இடைவெளி சற்றுக் கூடுதல் என்ற குறி) என்றிருந்தால் புதியதிலும் சி3 இருக்கிறதா. அளவு சரியாக இருந்தும் உள் இடைவெளி மாறிவிட்டால் சூடாகிச் சீக்கிரம் போகும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்திலும், பிராக்கெட்டில் இறக்கும்போது வெளிவளையத்திலும் அழுத்தினோம். கியர்பாக்ஸ் ஆயில் சீலும் ஆக்ஸில் நட்டும் புதியவை. நட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினோம். சர்க்ளிப் போட்டு, கியர் ஆயில் நிரப்பி இறக்கினோம்.

பிறகு நடந்தது

க்ளிப்புகளைப் பழைய இடங்களிலேயே மாட்டி, அதே ஒலியளவில், அதே சாலையில் மீண்டும் ஓட்டினோம். பிராக்கெட் சேனலில் எஞ்சின் சத்தம் மட்டும். வலது நக்கிளில் இருந்த ரீங்காரமும் கூடவே போய்விட்டது. முன்பு மாற்றிய வீல் பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. சில வாரங்கள் கழித்து உரிமையாளர் போன் செய்தார்: பெரிய சத்தம் போய்விட்டது, ஆனால் பின்னாலிருந்து சின்னதாக ஒன்று கேட்கிறது. வரச்சொல்லிப் பார்த்தோம். பின் டயர்களின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழுக்கியது, எதிர்த்திசையில் தடவினால் கட்டைகளின் விளிம்பு கையைப் பிடித்தது. படிப்படியாகத் தேய்ந்த டயர். முதல் சுற்றில் பின் சேனல்களில் கேட்ட இரைச்சலில் இதுவும் இருந்திருக்கிறது. பெரிய சத்தம் இருந்தவரை காருக்குள் யாருக்கும் இது கேட்கவில்லை. காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஷாக் அப்சார்பரில் கசிவு இல்லை என்று பார்த்து, டயரை இப்போது மாற்ற வேண்டாம் என்று அனுப்பிவைத்தோம்.

இனி மாற்றிச் செய்பவை

இந்த வண்டிக்குப் பிறகு, ஜாப் கார்டில் சத்தம் என்று மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். எந்த வேகத்தில் தொடங்குகிறது, நியூட்ரலில் இருக்கிறதா, வளைக்கும்போது மாறுகிறதா, சாலை மாறினால் மாறுகிறதா, தண்ணீரில் போனதா என்ற கேள்விகள் அச்சாகவே வந்துவிடுகின்றன. வளைக்கும்போது சத்தம் மாறவில்லை என்ற பதில் வந்தால், முதல் சுற்றிலேயே ஒரு க்ளிப் சென்டர் பேரிங்குக்குப் போகும். பின்பக்கத்துக்கு ஒன்று போதும்.

இரு சேனல்களின் ஒலியையும் பதிவு செய்வது இப்போது வழக்கம். கேட்டவர் நினைவை நம்பி, நேற்றைய சத்தத்தையும் இன்றைய சத்தத்தையும் ஒப்பிடுவது வீண் வேலை.

கூலி விஷயமும் இருக்கிறது. பொருள் மாற்றினால் பணம் கொடுப்பவர்கள், கேட்டுப் பார்த்ததற்கு எதற்குப் பணம் என்பார்கள். இந்த வேலையில் பாதி நாள் க்ளிப் மாட்டவும் ஓட்டவும் போனது. பேரிங்கின் விலையோ அற்பம். கண்டறியும் கூலியைத் தனி வரியாக, வண்டியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு, அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதற்காக ஊகத்தில் பேரிங் மாற்றிக் கொடுப்பதாக இல்லை.

எல்லா முன்சக்கர இழுவை வண்டியிலும் இந்த சென்டர் பேரிங் இருக்காது. பல சிறிய வண்டிகளில் வலது டிரைவ் ஷாஃப்ட் நேராக கியர்பாக்ஸுக்கே போய்விடும். லிஃப்ட்டில் ஏற்றியதும் எஞ்சினுக்குப் பின்னால் டார்ச் அடித்து, பிளாக்கில் திருகிய பிராக்கெட் ஒன்று ஷாஃப்ட்டைத் தாங்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் க்ளிப் எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யலாம்.